ஊமச்சிக்கு முகம் ஒட்டிய மாமாவுக்கு

அவனியாபுரம்,
புதன்கிழமை.

என் அம்மாவுக்குத் தம்பியாகப் பிறந்து, எனக்குக் காது குத்தும்போது மடியில் இருத்திக்கொண்டு, அன்று நான் கடித்த கடியின் தழும்பை இன்றும் மணிக்கட்டில் பெருமையாகக் காட்டிவரும் அன்பு மாமா தவசி அவர்களுக்கு, மருமகள் தாமரைச்செல்வி பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தையும் திருமங்கலத்து உரக்கடையின் சுகத்தையும் அறிய ஆவல். பாண்டீஸ்வரி அத்தையின் சுகத்தை விசாரிக்கவில்லையே என்று குறை நினைக்க வேண்டாம். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி அவனியாபுரம் வரைக்கும் கண்ணில் படுகிற சுவரில் எல்லாம் அத்தை கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருக்கிறார். பார்த்தால் சுகமாகத்தான் தெரிகிறார்.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். போன மாதம் எனக்குப் பல்வலி என்று சொன்னபோது பின்னாலிருந்து ஒரு குரல், "கிராம்ப வச்சுக் கடிக்கச் சொல்லுண்ணே" என்றது. இன்னொரு குரல், "மேல் பல்லா கீழ்ப் பல்லான்னு கேளு மாப்ள" என்றது. வாட்சப்பில் எழுதினால் அது உங்கள் நடிகரின் ரசிகர் மன்றக் குழுவுக்கு ஃபார்வர்ட் ஆகிறது. பல்வலிக்கு எட்டுப் பேர் தீ எமோஜி போட்டிருந்தார்கள். கடிதத்தை ஃபார்வர்ட் செய்ய வேண்டுமென்றால் நீங்கள் கல்லாவை விட்டு எழுந்து ஜெராக்ஸ் கடை வரை நடக்க வேண்டும். நீங்கள் நடக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எதையும் பாதிக்கு மேல் படிப்பதில்லை, ஆகவே கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் போஸ்டர்கள் அத்தனையையும் கிழித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அன்று அத்தையை மதுரைப் பக்கம் விடவே கூடாது. காரணத்தை ஆதியிலிருந்து சொல்கிறேன். உரக்கடையில் அன்று நான் அழுதுகொண்டே சொன்னது ஒன்று, உங்கள் காதில் விழுந்தது ஒன்று, அச்சகத்தில் ராம்கிக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று.

ஊமச்சி என்றால் நத்தை என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை விட்டதும் கண்மாய்க் கரையில் ஊரும், தொட்டால் ஓட்டுக்குள் போய்விடும். அந்தப் பெயரில்தான் நான்கு வருடமாக ஒரு வலைப்பூ எழுதிவருகிறேன். படித்த புத்தகம், பஸ்ஸில் கேட்ட சண்டை, மழை வராத நாளில் வானம் இருக்கிற லட்சணம், இவைதான் அதில் இருக்கும். அம்மாவுக்குத் தெரியாது. நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளி அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எனக்கு எழுத வருகிறது. தெரிந்தவர் ஒருவர் படிக்கிறார் என்று நினைத்தாலே என் கை, பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னதும் தொண்டை ஆகுமே, அப்படி ஆகிவிடும். ஆகவே ஊமச்சி யார் என்று தெரிந்த அன்றைக்கு ஊமச்சி செத்துப்போவாள். இது ஒன்றுதான் எனக்குப் பயம்.

மதுரைப் பக்கம் வலைப்பூ எழுதுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்காதீர்கள். முப்பது பேர் இருப்போம். எழுதுகிறவர்களும் நாங்களே, படிக்கிறவர்களும் நாங்களே, அடியில் 'அருமை' என்று பின்னூட்டம் போடுகிறவர்களும் நாங்களே. மொய் மாதிரிதான் மாமா. நீ என் பதிவுக்கு ஓர் 'அருமை' வைத்தால், உன் பதிவுக்கு நான் 'மிக அருமை' வைக்க வேண்டும். திருப்பி வைக்காதவனைச் சபையில் பேசுவார்கள். இந்தச் சபைக்குத் தலைவர் நாற்சந்தி என்ற பெயரில் எழுதும் இன்பசேகரன், டியூஷன் சென்டர் நடத்துகிறார். மலைகளைச் சுற்றிவிட்டு வந்து சொந்தச் செலவில் ஒரு பயண நூல் போட்டார். முப்பது பேரும் மொய் வைத்தார்கள். நான் மட்டும் புத்தகத்தைப் படித்துத் தொலைத்துவிட்டு, 'இந்த நூலில் மலைகள் குறைவு, மலைகளை மறைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர் அதிகம்' என்று ஒரு வரி எழுதினேன். மொய் எழுதுகிற மேசையில் போய்ச் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்ன கதை.

அந்த வரி தப்பு என்று அவர் எழுதியிருந்தால் நானும் பதில் எழுதியிருப்பேன். அவர் வரியைத் தொடவே இல்லை. மறுநாள் அவர் வலைப்பூவில் இப்படி வந்தது: 'ஓட்டுக்குள் ஒளியும் அந்தப் பதிவருக்கும் ஓய்வுபெற்ற அந்தத் தமிழ் வாத்தியாருக்கும் என்னதான் நடக்கிறது? விவரம் அறிந்தவர்கள் சிரிக்கிறார்கள்.' எனக்கு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரையும் தெரியாது. ஆனால் பின்னூட்டத்தில் நாலு பேர் சிரித்திருந்தார்கள், ஆகவே அவர்கள் விவரம் அறிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். ரகசியக் கல்யாணம் என்றார்கள். எழுதினேன்; எதையோ மறைக்கத்தான் எழுதுகிறாள் என்றார்கள். மறுத்தேன், ஏன் இவ்வளவு பதற்றம் என்றார்கள். மறுப்பதை நிறுத்தினேன், பாருங்கள், வாயடைத்துவிட்டது என்றார்கள். ஊமச்சி ஆம்பளை, ஊமச்சி கிழவி, ஊமச்சி ஒருத்தியில்லை ரெண்டு பேர், ஊமச்சி வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள். எல்லாவற்றுக்கும் ஆதாரம், பெயர் சொல்ல விரும்பாத நெருங்கிய வட்டாரம். மாமா, எனக்கு நெருங்கிய வட்டாரம் என்றால் அம்மா, நான், பக்கத்து வீட்டுப் பூனை. பூனை சொல்லியிருக்காது.

இதைவிடக் கொடுமை பள்ளியில். பக்கத்து மேசை ஜாய்ஸ் நல்ல பெண். எனக்குக் காய்ச்சல் என்றால் ஜெபம் செய்வாள், ரசமும் கொண்டுவருவாள். அவளுக்கு இந்தப் பதிவர் சண்டை என்றால் உயிர். சினிமாக் கிசுகிசு சலித்துவிட்டதாம். தினமும் டிபன் பாக்ஸைத் திறந்ததும் போனைத் திறப்பாள்.

"இங்க பாருப்பா, ஊமச்சிக்கு இன்னைக்கி என்ன விழுந்திருக்குன்னு. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டராம்ப்பா அது!"

"அப்படியா?"

"எனக்கு அப்பயே சந்தேகந்தான். பொம்பளைக்கு இம்புட்டுப் புத்தகம் படிக்க எங்கப்பா நேரம்? சட்டி பானைய யாரு கழுவுறது?"

"ஆமாப்பா."

"ஐயோ பாவம், அந்த ஹெட்மாஸ்டர் வீட்டம்மாவ நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

எனக்கு இல்லாத மனைவிக்காக ஜாய்ஸ் அன்று ஜெபம் செய்தாள். நானும் ஆமென் சொன்னேன். வேறென்ன சொல்வது?

இந்த நிலையில்தான் போன மாதம் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் வழக்கம்போல மாலைப் பேப்பரை விரித்து, யூரியா வாங்க வந்தவர்களுக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தீர்கள். 'கன்னக்குழி நடிகை நாலு மாதமாகக் காணோம்! தயாரிப்பாளர் பங்களாவில் தஞ்சமா?' வரப்புத் தகராறில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்கூட வலியை மறந்து, "அந்தப் புள்ள அப்பயே அப்படித்தான்ப்பா" என்றார். அவர் அந்தப் பெண்ணை எங்கே கண்டார்? என்னையும் இப்படித்தானே யாரோ எங்கேயோ ஒரு கல்லாவுக்கு முன்னால் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பொட்டாஷ் மூட்டை மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஏ பாப்பா! அந்த நடிகைக்கா அழுகுற? அதுக்கு மெட்ராசுல நாலு வீடு இருக்கு தாயி."

அப்புறம்தான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எவன் அவன்? எந்த ஏரியா?"

"அடிதடியெல்லாம் வேணாம் மாமா."

"யாரு அடிக்கப் போறா? நாங்கள்லாம் அகிம்சைவாதிக. போஸ்டர்தான்."

என் பெயர் வரக் கூடாது, என் படம் வரக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தீர்கள். சத்தியத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியும் விட்டீர்கள். கஷ்டமே அங்கேதான் ஆரம்பித்தது.

போன வெள்ளிக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் போகிறேன். வில்லாபுரம் தாண்டும்போது சுவரில் அத்தை. ஆளுயரத்துக்கு. தலைக்கு மேல், 'எச்சரிக்கை! எச்சரிக்கை! எழுத்துலக எரிமலையே! எங்கள் ஊமச்சியே!' காலுக்குக் கீழே, 'சீண்டிப் பார்க்கும் சில்லறைகளே! லைக் நூறு உன்னிடம்! லாரி நூறு எங்களிடம்!' அதற்கும் கீழே தென்மாவட்டப் பதிவர் பாதுகாப்புப் பேரவை என்று போட்டு, காதில் செல்போனோடு நாலு பேர், கூலிங் கிளாஸோடு மூன்று பேர், யாருடைய பிள்ளையோ தெரியாது, மொட்டை போட்ட ஒரு வயதுக் குழந்தை ஒன்று. நீங்கள் மட்டும் இல்லை. ஆட்டோவில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டது இது.

"யாருண்ணே இது, கவுன்சிலருக்கு நிக்குதா?"

"இல்லப்பா, எறந்துபோச்சு போல."

"சிரிக்குதேண்ணே."

"செத்தவுகதாண்டா போஸ்டருல நல்லாச் சிரிப்பாக. உசுரோட இருக்கவன் எவன் சிரிக்கிறான்?"

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஸ்பீக்கரில் சொன்ன விளக்கம் எனக்கு மனப்பாடம். "சொன்னபடிதான் பாப்பா, ஒம் பேரும் இல்ல, படமும் இல்ல. ஆனா மொகம் இல்லாம போஸ்டர் ஒட்டுனா மூலம் பவுத்திரம் வைத்திய வெளம்பரம்னு நெனச்சு ஒருத்தனும் நின்னு பாக்க மாட்டான்னு ராம்கி சொல்லிட்டான். எம் படத்தப் போட்டா ஒன்னக் கண்டுபிடிச்சிருவாய்ங்க. அதான் ஒங்க அத்த படத்தப் போட்டுக்கிட்டோம். சொந்தப் பொண்டாட்டிதானே, எவன் கேக்கப் போறான்?"

அந்தப் படத்தை ராம்கி எங்கிருந்து எடுத்தான் என்றும் தெரிந்தது. போன வருடம் உங்கள் மன்றத் துணைத்தலைவர் வீட்டுக் காதணி விழா ஃப்ளெக்ஸிலிருந்து வெட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்றவரை வெட்டியவனுக்கு, அவர் அத்தையின் தோளில் போட்டிருந்த கையை வெட்டப் பொறுமையில்லை. கை மட்டும் நிற்கிறது. சாயங்காலம் காய்கறி வாங்கப் போன அம்மா, பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று கத்தினார்.

"அது ஏங் கையிடி! என்னைய வெட்டிட்டு ஏங் கைய மட்டும் வச்சிருக்காய்ங்க! அவ எரிமலையாம்ல எரிமலை! மளிகைச் சாமான் சீட்ட எழுதச் சொன்னா ரசப்பொடிய விட்டுட்டு எழுதுறவ, எப்படி எழுத்துலகத்துக்குப் போனா?"

அதற்குள் அத்தை புகழேணியில் பாதி ஏறிவிட்டார். திருமங்கலத்து யூட்யூப் சேனல்காரர்கள் கடைக்கே வந்து மைக்கை நீட்டினார்களே, அந்த வீடியோவை நான் பார்த்தேன். பார்க்காதவர்கள் மதுரையில் கொஞ்சம்தான். "உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர் யாரும்மா?" என்றதற்கு அத்தை சற்றும் யோசிக்காமல், "நம்ம பத்திர ஆபீசு வாசல்ல பத்திரம் எழுதுறாரே, அவருதான். அவரு ஒரு வரி மாத்தி எழுதுனா ரெண்டு குடும்பம் வெட்டிக்கிட்டுச் சாகும். அம்புட்டுப் பொறுப்பு வேற எவன் எழுத்துல இருக்கு?" என்றார். அதை எழுத்தைப் பற்றிய ஆழமான விமர்சனம் என்று எங்கள் சபையில் பத்துப் பேர் பகிர்ந்தார்கள். நான்கு வருடம் எழுதி எனக்குக் கிடைக்காத பத்துப் பேர். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

புகழ் வந்தால் பின்னாலேயே மற்றது வரும் அல்லவா? வந்தது. நாற்சந்தி மறுபடி எழுதினார்: 'எரிமலைப் பதிவரின் தோளில் இருக்கும் அந்தக் கை யாருடையது? போஸ்டரில் கணவர் படம் இல்லாதது ஏன்? உரம் விற்பவர் உறைந்துபோயிருக்கிறாராம்.' நேற்று நீங்கள் போனில் கத்தியது எங்கள் தெருவுக்கே கேட்டது. "எவன் கையின்னு கேக்குறான் பாப்பா! எங்க அக்கா கையிடா அது! குடும்பத்துப் பொம்பளையப் பத்தி இப்படியா எழுதுவாய்ங்க? இவய்ங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்லியா?"

மாமா, கோபிக்காமல் கேளுங்கள். கன்னக்குழி நடிகைக்கும் குடும்பம் இருக்கும். அவருக்கும் ஒரு மாமா இருப்பார். எந்த ஊரிலோ எந்தக் கடையிலோ உட்கார்ந்து, 'எவண்டா அவன்' என்று கத்திக்கொண்டிருப்பார். நீங்கள் பேப்பரில் படிப்பதும் நாற்சந்தி வலைப்பூவில் எழுதுவதும் ஒரே மாவில் சுட்ட தோசைதான். அங்கே கல் பெரிசு, இங்கே கல் சிறிசு. இரண்டு இடத்திலும் பெயர் சொல்ல மாட்டார்கள். பெயர் சொன்னால் பொறுப்பு வந்துவிடும். இரண்டு இடத்திலும் எழுதுகிறவனுக்கு ஆதாரம் வேண்டாம், படிக்கிறவனுக்கு 'அப்பவே தெரியும்' என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தால் போதும். ஒரே ஒரு வித்தியாசம். நடிகையைப் பேசுகிறவர் நடிகையோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார். நாங்கள் முப்பது பேரும் போன வருடச் சந்திப்பில் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். நானும் யாரோ ஒரு வாசகி என்று சொல்லிக்கொண்டு போய்க் கடைசி இலையில் உட்கார்ந்தேன். என்னைக் கிழவி என்று எழுதினவர்தான் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். இந்த வருடப் பதிவர் சந்திப்பு நாற்சந்தியின் டியூஷன் சென்டர் மாடியில். சிறப்பு விருந்தினராக அத்தையை அழைத்திருக்கிறார்கள். ஜாய்ஸ் போனில் எனக்குக் காட்டியதை வைத்துச் சொல்கிறேன், அது மரியாதைக்கு அழைத்த அழைப்பு இல்லை. மேடையில் வைத்துப் பேனாவைக் கொடுத்து ஒரு பத்தி எழுதச் சொல்லப் போகிறார்களாம். அத்தை ரசப்பொடியை விட்டுவிட்டு எழுதுவார். இவர் ஊமச்சி இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். பிறகு யார் என்று தேடுவார்கள். திருமங்கலத்துப் பாண்டீஸ்வரிக்கு அவனியாபுரத்தில் கண்ணாடி போட்ட, கல்யாணம் ஆகாத, எந்நேரமும் படித்துக்கொண்டே இருக்கிற ஒரு நாத்தனார் மகள் உண்டு என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அத்தோடு நான் எழுதுவது முடிந்தது. ஆகவே மாமா, போஸ்டரைக் கிழியுங்கள். அத்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். வேண்டுமானால் நிஜமாகவே வரவழையுங்கள்.

கடை செழிக்கவும், மழை பெய்து யூரியா தீரவும், உங்கள் நடிகரின் அடுத்த படமாவது ஒரு வாரம் ஓடவும், திருப்பரங்குன்றத்து முருகனை வேண்டிக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். ராம்கிக்கு என் வணக்கம் இல்லை.

என்றும் உங்கள் மடியில் காது குத்திக்கொண்ட,
தாமரைச்செல்வி.

பின்குறிப்பு (திங்கட்கிழமை): மேலே உள்ளதை நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வாக்கியம் சரியாக உட்காரவில்லை என்று பையிலேயே வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். தபால் பெட்டியைத் தினமும் தாண்டித்தான் போனேன். தோசை உவமைதான் காலை வாரிவிட்டது. கடிதத்தைக் கிழித்திருக்கலாம், கையெழுத்து நன்றாக வந்துவிட்டதால் மனம் வரவில்லை.

நேற்று நீங்கள் கீழே தெருவில் மன்றத்து ஆட்களோடு சரவெடி கொளுத்திக்கொண்டிருந்ததால் மாடியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஜாய்ஸ் கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடைசி பெஞ்சில் அவளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு. அதற்கு முன்னால் வாத்தியார் நாற்காலியில் பட்டுப் புடவையோடு அத்தை. வந்ததும் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கண் என் மேல் வந்து நின்றது. ஜாய்ஸின் முதுகுக்குப் பின்னால் இன்னும் குனிந்தேன். "ஏ புள்ள, அந்தக் கடைசிக் கண்ணாடி! யாரு நீ? சும்மாதானே ஒக்காந்திருக்க, எந்திரிச்சு அந்த ஃபேனப் போடு" என்றார். போட்டேன். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்சந்தி பேனாவை நீட்டினார். "ஒரு பத்தி எழுதுங்கம்மா, நாங்களும் ரசிப்போம்."

"அடுத்தவுக பேனாவுல எனக்கு எழுத்து வராது தம்பி. அது கெடக்கட்டும். என்னைய ஆம்பளன்னு எழுதுனது யாரு, நீதானா? தள்ளி நின்னு எழுதிட்ட. இந்தா, பக்கத்துல வந்து நல்லாப் பாத்துச் சொல்லு."

மாடி அதிர்ந்தது. ஜாய்ஸ் சிரித்துச் சிரித்து என் தோளைக் கிள்ளிவிட்டாள்.

"அது உங்களக் குறிச்சு இல்லக்கா, பொதுவாச் சொன்னது."

"நான் பொதுவாவா ஒக்காந்திருக்கேன்? ஒத்தையாத்தான் தம்பி ஒக்காந்திருக்கேன். எனக்குப் பேரு இருக்கு, ஊரு இருக்கு, கீழ வெடி போடுற புருசன் இருக்கான். எழுதுறதா இருந்தா அம்புட்டையும் போட்டு எழுது. ஒம் பேரையும் கீழ போட்டு எழுது."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். என்னைக் கிழவி என்று எழுதியவர் எழுந்து அத்தைக்கு டீ வாங்கப் போனார். இத்தனை நாளாக நான் வாக்கியம் வாக்கியமாக யோசித்தும் கிடைக்காத பதில் இது. ஓட்டுக்குள் இருப்பவளை எதுவும் எழுதலாம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்க்கிற அத்தையை என்ன எழுத முடியும்?

படிக்கட்டில் தனியாகச் சிக்கியபோது என் காதைத் திருகினார். "ஒங்க மாமன் வாயில எள்ளு ஊறுமாடி? போஸ்டரு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்கு எல்லாந் தெரியும்."

"தெரிஞ்சுமா அத்தை, உங்க படத்தைப் போட விட்டீங்க?"

"ஒம் படம் வேணாம்னா, யாரு படத்தையாச்சும் போட்டுத்தானே ஆகணும்?"

ஆகவே மாமா, மேலே கேட்ட இரண்டையும் வாபஸ் வாங்குகிறேன். போஸ்டரைக் கிழிக்க வேண்டாம். மழையில் கிழிந்த இடத்தில் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். ராம்கிக்கு வணக்கம். அத்தையே ஊமச்சியாக இருக்கட்டும். இதைவிட நல்ல ஓடு எனக்கு எங்கே கிடைக்கும்?

ஒரே ஒரு சிக்கல். முடிக்கும்போது, அடுத்த பதிவு எதைப் பற்றி என்று கூட்டத்தில் கேட்டார்கள். அத்தை மைக்கைப் பிடித்து, "எனக்கு ஒரு நாத்துனா இருக்கா. பேரச் சொல்ல மாட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை அவ பண்ணுன கூத்தையெல்லாம் ஒண்ணொண்ணா எழுதப் போறேன்" என்று அறிவித்துவிட்டார். விசில் பறந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் எழுத வேண்டியவள் நான். எழுதாவிட்டால் அத்தை மாட்டுவார், அத்தை மாட்டினால் நானும் மாட்டுவேன். பெற்ற தாயைப் பற்றி எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து யோசித்தேன். கிசுகிசுவைப் பற்றி மேலே உங்களுக்கு எழுதியதை எல்லாம் இரண்டு முறை படித்தும் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு உட்கார்ந்து, 'அவனியாபுரம் என்று மட்டும் சொல்கிறேன், விவரம் அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்' என்று முதல் வரியை எழுதினேன். இப்போது மூன்றாம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடி தனியாச் சிரிக்கிற?" என்று கேட்கிறார். மாமா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: இந்த நான்கு வருடத்தில் எனக்கு எதுவும் இவ்வளவு சுலபமாக எழுத வந்ததில்லை.